‘எவ்ளோ குடுத்தீங்க?’ என்று கேட்ட டாக்டர்

போன வருடம், ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்து திருத்தணி கொஞ்சம் மூச்சு விட்ட ஆவணி மாதத்தில் நடந்தது இது. எங்கள் வீடு கே.ஜி.கண்டிகையில். திருத்தணி கடைத்தெருவில் சின்னதாக ஒரு லுங்கிக் கடை வைத்திருக்கிறோம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர்களிடம் சரக்கு எடுத்து வந்து விற்கிறோம். கொள்முதல் என் பொறுப்பு. நாலு வீடு ஏறி இறங்கி விலை கேட்காமல் ஒரு லுங்கி கூட எடுக்க மாட்டேன். தக்காளி வாங்கினாலும் அப்படித்தான். “சாமிகிட்ட வேண்டிக்கணும்னா கூட நீ ரெண்டு கோயில்ல ரேட்டு கேட்டுட்டுதான் வேண்டிப்ப” என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அந்த வருடம் அவருக்கு டெங்கு வந்து ரொம்ப மோசமாகிப் பிழைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, இவர் நல்லபடியாக வீடு திரும்பினால் இரண்டு பேரும் முடி கொடுக்கிறோம் முருகா என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு இடுப்பு வரை முடி. ஆனாலும் அன்றைக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு ஜீவன் உண்டு, பூரி. பஸ் ஸ்டாண்டு டிபன் கடை வாசலில் பூரிக்காகக் காத்துக் கிடந்த குட்டி நாயை இவர் தூக்கி வந்தார், பேரும் அதுவே ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் சத்தம் போட அது ஒன்றுதான் இருக்கிறது. இவர் காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலடியை விட்டு அது நகரவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மலையேறி, இரண்டு பேரும் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம். வீட்டில் முருகன் படத்துக்கு முன் பஞ்சாமிர்தம் செய்து படைத்தேன். வேண்டுதல் பஞ்சாமிர்தம் ஆயிற்றே, கை தாராளமாகவே போனது. வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, அதற்கு மேல் இரண்டு கை உலர்ந்த திராட்சை. அன்று எனக்கு விரதம். கிண்ணம் நிறையப் பஞ்சாமிர்தத்தைச் சாப்பிட்டுவிட்டு, போனில் கூப்பிட்ட அக்காவிடம், “இன்னும் ஒண்ணும் சாப்பிடலக்கா, பிரசாதம்தான்” என்று சொன்னேன். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம்.

மறுநாள் காலை பூரி வாந்தி எடுத்தது. சுவர் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பால் வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாந்தி.

வழக்கமாகத் தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனைக்குத்தான் போவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. சரி, தனியார் டாக்டர்தான் என்று போனை எடுத்தேன். உடனே என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஒரே இடத்தைக் கேட்டு ஏமாறக் கூடாதே!

சென்னையில் ஒரு பெரிய நாய் ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. அரக்கோணத்தில் ஒரு கிளினிக்கில் டாக்டர் கட்டணம் இவ்வளவு, ஊசி இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார்கள். கட்டுப்படியாகிற விலை. சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். திருத்தணியிலேயே ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்று கடைக்கு வருகிற ஒருவர் சொல்லியிருந்தார். அவரையும் கேட்டேன்.

“நாயைப் பாக்காம நான் என்னம்மா ரேட்டு சொல்றது? முதல்ல கூட்டினு வாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விலை சொல்ல யோசிக்கிற கடைக்காரரிடம் நான் துணி எடுத்ததே கிடையாது. உள்ளே இழுத்துப் போட்டுத் தீட்டிவிடுவார்கள் என்று அவரைக் கழித்துக் கட்டினேன். இவர் பூரியின் தலையைத் தடவிக்கொண்டே, “இன்னாத்துக்கு ஊரெல்லாம் கேட்டுகினு கீற? யாராச்சும் ஒருத்தர்கிட்ட தூக்கினு போலாம் வா” என்று இரண்டு தடவை சொன்னார். சாயங்காலம் அரக்கோணம்தான் என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையிலும் சரி, அரக்கோணத்திலும் சரி, “வழக்கமா தர்றது தவிர வேற ஏதாவது சாப்பிட்டுதா?” என்று கேட்கத்தான் செய்தார்கள். “ஒண்ணுமே இல்லீங்க” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மதியத்துக்குள் பூரியால் நிற்க முடியவில்லை. சாயங்காலம்வரை பொறுக்க மனம் வராமல், கடைச் சரக்கிலிருந்து ஒரு புது லுங்கியை உருவி அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். திருத்தணிக்குள் நுழையும்போதே இவர் மடியில் வாந்தி எடுத்தது. பிறகு கழுத்து தொங்கிப்போனது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார்.

“அண்ணே, இது அரக்கோணம் வரைக்கும் தாங்காது. இங்கயே ஒரு டாக்டரம்மா கீறாங்க, இட்டுனு போறேன்.”

போய் நின்ற இடத்தில் போர்டைப் பார்த்தேன். காலையில் நான் கழித்துக் கட்டிய அதே டாக்டர்.

சின்ன அறை, ஒரு இரும்பு மேஜை. நடுத்தர வயதுப் பெண்மணி. பூரியை மேஜையில் கிடத்தச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து காதோரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரும் மொட்டை. எப்ப மலைக்குப் போனீங்க?”

இங்கே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இந்த அம்மாவுக்கு எங்கள் மொட்டை தான் முக்கியமா என்று பற்றிக்கொண்டு வந்தது. “நேத்துங்க” என்றேன் வேண்டாவெறுப்பாக.

“எவ்ளோ குடுத்தீங்க?”

“மொட்டை இப்பல்லாம் இலவசம்தாங்களே!”

“பணத்தைக் கேக்கலம்மா. வீட்ல பஞ்சாமிர்தம் பண்ணியிருப்பீங்க இல்ல? அதுல திராட்சை போட்டீங்களா? இதுக்கு எவ்ளோ குடுத்தீங்க?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் பூரியைப் பார்த்தார். இவருக்குத் திராட்சையே ஆகாது. பாயசமாக இருந்தாலும் பொறுக்கி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்.

“நான்தாங்க... அல்லாத்தையும் பொறுக்கிப் பொறுக்கி இதுக்குப் போட்டேன். பிரசாதமாச்சேன்னு. எனக்காக அது எவ்ளோ நாள் படுத்துகினு கெடந்துது...” என்று அதன் தலையைத் தடவினார்.

திராட்சை நாய்க்கு ஆகாது, சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே அடித்துவிடும் என்று பேசிக்கொண்டே டாக்டர் காலில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் தொங்கவிட்டார். ரத்தம் எடுத்தார். இந்த ஊரில் வாந்தி என்று நாயைத் தூக்கி வருகிறவர்களிடம் தலையைப் பார்த்த பிறகுதான் மற்றதைக் கேட்பாராம். “சாப்பிட்டுதான்னு கேட்டா அல்லாரும் இல்லைம்பாங்க. பிரசாதத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேக்கறதில்ல” என்றார். எனக்கு அக்காவிடம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“பொழைச்சுக்குமா?” என்று கேட்டேன். காலையிலிருந்து நான் கேட்ட கேள்விகளில் விலை இல்லாத முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஒண்ணுக்குப் போவுதான்னு பாத்துகினே இருங்க. போச்சுன்னா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

அன்றும் மறுநாளும் கடையைத் திறக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றக் கொண்டுபோவதும், வீட்டில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுமாகவே போனது. இவர் சரியாகச் சாப்பிடவில்லை. முருகன் படத்தைப் பார்த்து நானும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. போன வேண்டுதலில் வந்த வினைதானே இது என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்குக்குப் போய் ஆட்டோவிலிருந்து இறக்கியபோது, பூரி தள்ளாடிக்கொண்டு தானாகவே நடந்து போய், வாசலில் நின்ற டாக்டரின் ஸ்கூட்டி சக்கரத்தில் காலைத் தூக்கியது. நிறைய நேரம் தூக்கியபடியே நின்றது. இவர் அந்தத் தெருவிலேயே, போகிற வருகிறவர்கள் பார்க்க, ஓவென்று அழுதுவிட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா போவட்டும், விடுங்க” என்று சிரித்தார்.

சிகிச்சையின் கடைசி நாள் டாக்டரே, “அன்னிக்கு போன்ல ரேட்டு கேட்டது நீங்கதானே? குரலை வெச்சே கண்டுபிடிச்சேன். இப்ப சொல்லட்டுமா?” என்றார். ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா, அந்த ரேட்டுக்குள்ள அடங்கற வியாதிதான் உங்க நாய்க்குன்னு நீங்களே முடிவு பண்ணினு வருவீங்க” என்றார். அவர் சொன்ன தொகை அரக்கோணத்தில் சொன்னதைவிட அதிகம்தான். குறைத்துக் கேட்காமல் கொடுத்தேன். இவர் என்னை ஏதோ புது மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இப்போது எனக்குக் கழுத்து வரை முடி வளர்ந்துவிட்டது. விலை கேட்கிற பழக்கம் போகவில்லை, போகவும் போகாது, பிழைப்பாயிற்றே. போன மாதம் மகள் வந்திருந்தபோது பாயசம் வைத்தேன். இவர் வழக்கம்போலத் திராட்சையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். பூரி வாலாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது. இவருக்கு மனம் தாங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் அத்தனையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் திராட்சை பிடிக்காது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே எதைக் கொடுக்காமல் இருக்கிறோம் என்பதும் பாசம்தான் என்று அந்த ஸ்கூட்டி சக்கரம் நனைந்த காலையிலிருந்து எனக்குத் தெரியும்.