புது வீட்டுக்கு வந்த பிரட் பாக்கெட்டுகள்

அரியலூரில் ஒரு பழைய ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு, கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள் என்று பெரிய காம்ப்ளக்ஸ் கட்டினார்கள். சிமென்ட் ஆலையில் ஆயுசு முழுக்கத் தூசி தின்று ரிட்டையரான நான், கைக்கு வந்த பணத்தில் அங்கே மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கினேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சேதி தெரிந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"ஏங்க, ஊருல வேற எடமே கெடைக்கலியா? ஆஸ்பத்திரியில போயி யாராச்சும் குடும்பம் நடத்துவாங்களா?"

"ஆஸ்பத்திரி எங்கடி இருக்கு? அதத்தான் இடிச்சிட்டாங்களே. இப்ப லிப்ட்டெல்லாம் இருக்கு."

"அப்பயும்தான் ஸ்ட்ரெச்சர் இருந்துச்சு!"

மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். பால் காய்ச்ச வருவாள். ஆனால் சொந்தக்காரர்களில் ஒருத்தர் வாயிலிருந்து ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தாலும், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரும்பாவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். நான் மட்டும் லிப்ட்டில் ஏறி இறங்கிக்கொண்டு கிடக்கலாம். சொன்னால் செய்கிறவள் அவள். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

உடனே போனை எடுத்தேன். மச்சானிடம் கெஞ்சினேன். உடையார்பாளையத்தில் இருக்கும் என் அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன்.

"செத்தாலும் சொல்ல மாட்டன்டா" என்றாள் அக்கா.

"செத்தாலும்னும் சொல்லாதக்கா!"

அந்த நாளும் வந்தது. பால் நன்றாகவே பொங்கியது. முதலில் வந்தது அக்காதான். கையில் ஒரு பிரட் பாக்கெட், அரை டஜன் சாத்துக்குடி. எனக்குப் பகீரென்றது. அடுத்து மச்சான் வந்தார், ஒரு பிளாஸ்க் நிறைய அரிசிக் கஞ்சியோடு. பின்னாலேயே வந்தவர்களும் அதே பிரட், அதே பழம். விஷயம் இதுதான்: ஆஸ்பத்திரி போய்விட்டாலும் பஸ் ஸ்டாப் அங்கேயேதான் இருக்கிறது. எதிரே பேக்கரியும் பழக்கடைகளும் அப்படியே இருக்கின்றன. அந்த ஸ்டாப்பில் இறங்கினால் எங்கள் ஜனங்களுக்குக் கை தானாகப் பையைத் திறந்துவிடும். குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாம் எவனுக்கும் ஞாபகம் வரவில்லை.

இதில் இவள் வேறு விடியற்காலையிலிருந்து நின்ற களைப்பில் கட்டிலில் போய்ச் சாய்ந்துவிட்டாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நாற்காலிகள் சும்மா கிடந்தன. எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். அக்கா அவள் நெற்றியில் கைவைத்து, "இப்ப எப்புடி இருக்கு?" என்றாள்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புடித்தான் தைரியமா இருக்கணும்."

மச்சான் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, காத்து வர்ற பக்கமாத்தான் கட்டில் குடுத்திருக்காங்க" என்றார். அடப்பாவி மனுஷா!

பத்தரை மணிக்குப் பார்த்தால் வீடு காலி. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது அல்லவா? ஒருத்தரும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தராக நழுவிவிட்டார்கள்.

அவள் பெட்டியை எடுத்தாள்.

"யாரும் அந்தப் பேச்ச எடுக்கலியே" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"வாயால வேற சொல்லணுமா?" என்றவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "நம்ம பொண்ணு பொறந்தப்ப இந்த எடத்துல எட்டு நாளு கெடந்தேன். ஊரே பிரட்டும் பழமுமா வந்து பாத்துச்சு. நீங்க மூணாம் நாளு வந்தீங்க, வெறுங்கைய வீசிக்கிட்டு. வந்து என்ன கேட்டீங்க? சொல்லுங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது.

"பீரோ சாவி எங்கன்னு கேட்டேன்."

"சாவி கெடச்சதும் போயிட்டீங்க. நர்ஸம்மாதான் பின்னாலயே ஓடியாந்து புள்ளையக் காட்டுனாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு பதிலா? எனக்கே என்மேல் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு டஜன் சாத்துக்குடி பொறுக்கினேன். பழக்காரர் தன் போக்கில், "எந்த வார்டு சார்?" என்றார்.

"மூணாவது மாடிங்க" என்றேன்.

திரும்பி வந்து பெல்லை அடித்தேன். கதவைப் பாதி திறந்தாள். பையைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

"பாக்குற நேரம் முடிஞ்சிருச்சு. நாளைக்கி வாங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்த்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு வரச் சொல்கிறாள் என்றால், நாளைக்கும் அவள் இங்கேதான் இருப்பாள். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.