நாலாம் பாகத்தில் இல்லாத பெண்

நேற்றுக் காலை பக்கத்து வளவிலிருந்து கருவாட்டு மணம் மூக்கைத் துளைத்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், பரமேஸ் அக்கா எங்கள் பழைய ரீவி டிஷ்ஷில் சூடைக் கருவாடு காயவிட்டிருக்கிறார். நான் வேலியோரம் எறிந்ததைத் தூக்கிப் போயிருக்கிறார். "சும்மாதானே தம்பி கிடந்தது, மழைத்தண்ணி நிண்டு நுளம்பு பெருகுது," என்றார். அட கோதாரி டிஷ்ஷே, உனக்கும் கடைசியில் ஒரு உத்தியோகம் கிடைத்ததே என்று சிரித்தேன். சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, நயினாதீவில் கூரைக்குக் கூரை டிஷ் முளைத்த காலம். நான் புதிதாக விஞ்ஞானம் படிப்பிக்க வந்த வாத்தியார். ஊர் முழுக்க சீரியலுக்கும் படத்துக்கும் டிஷ் பூட்ட, நான் பூட்டியது விஞ்ஞானக் கதைகள் மட்டுமே போடுகிற ஒரு வெளிநாட்டு அலைவரிசைக்காக. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆளில்லாத கிரகம் பாக்க உவ்வளவு தூரம் போகவேணுமே? எங்கடை ஒழுங்கையிலை எத்தினை வீடு பூட்டிக் கிடக்குது!" என்பார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

என்னோடு கூட இருந்து பார்த்தவள் தங்கச்சி ரஜி. பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு நாடகம் போகும். வழிதவறிய விண்கலமொன்று பூமிக்குத் திரும்பப் பாடுபடுகிற கதை. நான் சும்மா இருந்து பார்க்கிற ஆளா? விண்வெளியில் வெடிச்சத்தம் கேளாது, அந்த வேகத்தில் திரும்ப ஏலாது என்று வரிக்கு வரி பிழை பிடிப்பேன். "வாத்தியார், கொஞ்சம் வாயை மூடுங்கோ!" என்று தலையணையால் எறிவாள். மூன்றாம் பாகம் முடிந்த கையோடு அந்த அலைவரிசையும் எங்கள் ரீவியில் இல்லாமல் போனது. ஏனென்று கேட்க ஆள் யார்?

அந்த நேரம்தான் அவளுக்கு ஜேர்மனியிலிருந்து சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளையிடம் போனில் ஆளாளுக்கு வேலை, வீடு, குடிக்கிற பழக்கம் என்று விசாரித்தார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அங்கை அந்த ரீவிச் சனல் வருதோ?" அவர் சிரித்தார். "ஓம் மச்சான், ஜேர்மன் பாஷையிலை போகுது." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது அந்த அலைவரிசை போலந்து, பிரேசில், ஜப்பான் என்று நாட்டுக்கு நாடு கிளைவிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சனத்தைப் போலத்தான், போன போன இடத்துப் பாஷையைப் படித்துக்கொண்டது. நல்ல பெடியன், யோசிக்காமல் கட்டிக் கொடுங்கோ என்று அப்பாவிடம் சொன்னவன் நான்தான். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜேர்மனிக்குப் புறப்பட்டு இறங்குதுறையில் வள்ளம் ஏறும்போது, "நாலாம் பாகத்தை நான் பாத்துச் சொல்லுறன் அண்ணை, நீங்கள் இருந்து கேளுங்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கும், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருப்பார். முதல் வருடம் முழுக்கக் குளிரையும் சமையலையும் பற்றியே கதை. பிறகு ஒரு நாள், "அண்ணை, நாலாம் பாகம் துவங்கிட்டுது," என்றாள். "துவங்கிட்டினம் அண்ணனும் தங்கச்சியும், விசரர்!" என்று அவர் சிரிப்பது கேட்டது. நாடகக் கதையென்றால் அவர் காது கொடுப்பதில்லை.

கப்பலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம். தலைவன் வெளியார் முன்னால் தங்கமானவனாம். அவன் இறங்கிப் போகும்போதெல்லாம் அவளைச் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவானாம்.

"பூட்டு வெளியாலை அண்ணை."

"விண்கலத்திலை ஆரடி வெளியாலை பூட்டுவான்? கதை எழுதினவனுக்கு மூளை இல்லை."

"இருக்குது அண்ணை. கேளுங்கோ. அவள் பூமிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கிறாள். ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

நான் ஒளியின் வேகத்தைப் படிப்பிக்கத் தொடங்கினேன். செய்தி வந்து சேரக் காலம் செல்லும், அவள் பொறுக்கவேணும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்! அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஓம், பொறுக்கத்தான் வேணும்," என்றாள். இப்படி ஏழெட்டு ஞாயிறுகள் கதை சொன்னாள், நானும் விடாமல் பிழை பிடித்தேன்.

பிறகு அந்த அலைவரிசை திடீரென்று எங்கள் ரீவிக்குத் திரும்பி வந்தது, நாலாம் பாகத்தோடு. ஒரே கிழமைக்குள் தொடர்ந்து போட்ட அத்தனையையும் ஒன்று விடாமல் பார்த்தேன். அப்படியொரு பெண்ணும் இல்லை, சாமான் அறையும் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! அடுத்த ஞாயிறு போனை எடுத்தவுடனேயே, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கேட்டுவிட்டேன்.

"எங்கையடி அந்தப் பூட்டி வைச்ச பெண்? நாலாம் பாகத்திலை அப்பிடியொருத்தியும் இல்லையே! ஏன் எனக்குப் பொய் சொன்னனி?"

அவருடைய குரல்தான் கேட்டது, மிக அமைதியாக. "எந்தப் பெண்?"

"வேறை நாடகத்தோடை மாறிச் சொல்லிப்போட்டன் போலை அண்ணை," என்றாள். போன் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு போன் இல்லை. நான் எடுத்தாலும் மணி போகவில்லை. பாஷை மாறிப் பார்த்ததில் குழம்பியிருப்பாள், என்னோடு கோபம் என்றே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் வரும்போது நல்ல சனம். கீழ்த்தட்டில் மாமூட்டைகளுக்கு நடுவில் மூச்சுமுட்ட இருந்தேன். அப்போதுதான் அவள் குரல் எனக்குக் கேட்டது: பூட்டு வெளியாலை அண்ணை. வள்ளம் கரை தட்டுமுன்பே போனை எடுத்தேன்.

ஜேர்மனியில் இருந்த என் வகுப்புத் தோழனை ரஜியின் வீட்டுக்கு உடனே போய்ப் பார்க்கச் சொன்னேன். மாலையில் அவன் எடுத்தான். "மச்சான், தங்கச்சி ஆஸ்பத்திரியிலை. கை முறிஞ்சிருக்கு. மேல்வீட்டுத் துருக்கி மனுசிதான் சத்தம் கேட்டுப் பொலிசுக்குப் போன் அடிச்சது."

"எப்ப?"

"ரெண்டு கிழமைக்கு முந்தி. ஞாயிற்றுக்கிழமையாம்."

எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று பின்னொரு நாள் ரஜியிடம் கேட்டேன். "நான் அறிவிச்சனான்தானே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாஷையே தெரியாத மனுசிக்கு மேல்வீட்டில் இருந்தே விளங்கியது, பட்டதாரி ஆசிரியருக்கு விளங்கவில்லை.

இப்போது வேறொரு நகரத்தில் தனியாக இருக்கிறாள். பேக்கரியில் வேலை, கை நல்லாகிவிட்டது. அப்பா காலமாகிவிட்டார். அந்த அலைவரிசையும் பல நாடுகளில் மூடிவிட்டதாம். நாலு பாகமும் என் போனுக்குள்ளேயே கிடக்கின்றன, தொட்டால் ஓடும். ரஜி சொன்ன நாலாம் பாகம்தான் எங்கேயும் இல்லை. அந்தப் பெண் அறையைவிட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவள் எனக்குச் சொல்லவேயில்லை.

நேற்று ஞாயிறு. டிஷ்ஷில் கருவாடு காய்கிற கதையைச் சொன்னேன், சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி, "ஒரு கதை சொல்லன் பிள்ளை," என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை," என்றாள். "நீங்கள் பிழை பிடிப்பியள்."