என் கால் நடித்த காணொளி

என் குளியலறை அலமாரியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு, பின்னால் மடக்கி நிறுத்த ஒரு கம்பி. சவரம் செய்துகொள்ள வாங்குவார்களே, அந்தச் சாதாரணச் சந்தைக் கண்ணாடிதான். விளிம்பின் உச்சியில் மட்டும் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அது வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாரு பொட்டுங்க?" என்று கேட்டாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில், அவள் ஒரே கேள்விக்கு இரண்டு 'ங்க' போட்டால் நிலைமை மோசம் என்று எனக்குத் தெரியும். "டாக்டர் குடுத்தாரு" என்றேன். "டாக்டர் பொட்டு வெப்பாருங்களா?" என்றாள். மூன்றாவது 'ங்க'வும் விழுந்துவிட்டது. அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட வெட்கக்கேடாக, என் வலது காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

சிங்காநல்லூரில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இரண்டே அறைகள் கொண்ட கிளினிக் அவருடையது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆயுள் சந்தாதாரர். டாக்டருக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். 'ங்க' இல்லாத வாக்கியம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பல் முளைக்காத குழந்தையிடமும் "வாயைத் தொறங்க கண்ணு" என்பார். மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்து நிற்கும் ஆசாமியிடம், "நிறுத்திப்போட்டீங்களா? செரீங்க. மறுக்கா ஆரம்பிச்சுக்கலாமுங்களா?" என்று, பாதியில் நின்ற சீட்டாட்டத்தைத் தொடர்வது போலக் கேட்பார். இப்படி மரியாதையிலேயே வழுக்கிக்கொண்டு போகிற மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டார். உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்வை கீழே போய்விடும். காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளங்காலைத் தடவி முடித்த பிறகுதான் "சாப்ட்டீங்களா?" என்பார். முகங்களை மறந்துவிடுவார், பாதங்களை மறக்கமாட்டார். ஒரு கல்யாண மண்டபத்தில் என்னை யாரோ என்பது போலக் கடந்து போனவர், பந்தியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் எதிர்வரிசையிலிருந்து எழுந்து வந்து, "அட, தம்பிங்களா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். லட்டை எடுக்கப் போய்க்கொண்டிருந்த கை அது.

அப்புறம் காலம் மாறி, நோயாளிகள் கைபேசியோடு வர ஆரம்பித்தார்கள். உட்கார்ந்ததும் "இதுல ஒருத்தர் சொல்றாருங்க" என்று திரையை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். அதில் எவரோ ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று, விரலை ஆட்டி ஆட்டி, மாத்திரைகளெல்லாம் சதி என்று முழங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்து, முடிந்ததும் பழக்கதோஷத்தில் அந்தத் திரையிடமே "நல்லதுங்க" என்பார். அப்படி ஒரு முழக்கத்தை நம்பி மருந்தை விட்ட பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருநாள் லேத் ஓடும்போதே மயங்கி விழுந்தார். நல்லவேளை, விழுந்தது இயந்திரத்துக்கு வெளிப்பக்கம். அன்று மாலை டாக்டர் என்னிடம் சொன்னார்: "அவங்க பேசறாங்க. நாம பேசாம உக்காந்திருக்கறோமுங்க. தப்பு நம்ம மேலதானுங்க தம்பி. நீங்கதான் எழுதறவராச்சே, நமக்கும் நாலு படம் எடுத்துக் குடுங்க."

பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் வியாதி; பம்ப் கம்பெனியில் விற்பனை பார்ப்பது என் பிழைப்பு. கம்பெனிக்காக ஒரு பம்ப்பைக் கிணற்றில் இறக்குவது எப்படி என்று நான் எடுத்த காணொளியை விவசாயிகள் நிறையப் பேர் பார்த்திருந்தார்கள். ஒரு பம்ப்பையே பேச வைத்தவனுக்கு டாக்டரைப் பேச வைப்பதா பெரிது என்று இறங்கிவிட்டேன். பம்ப் எவ்வளவோ தேவலை. டாக்டர் கேமராவைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க. சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வரவில்லை என்றதும் என்னைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே யாரோ நொண்டிக்கொண்டு போக, அந்த நொண்டலைப் பார்த்தார். சர்க்கரையைப் பற்றிய ஐந்து நிமிடப் பேச்சில் கேமராவைப் பார்த்தது, அது கீழே விழப்போன ஒரே ஒரு தடவைதான்.

நான் கண்டிப்பான இயக்குநர் ஆனேன். "டாக்டர், கேமராதான் உங்க பேஷண்ட். அதோட கண்ணைப் பாத்துப் பேசுங்க. அப்பத்தான் பாக்கறவங்களுக்கு நீங்க அவங்களையே பாக்கற மாதிரி இருக்கும்." தலையாட்டினார், மறுபடியும் நொண்டலைப் பார்த்தார். அவருடன் இருபது வருடம் குப்பை கொட்டிய சிஸ்டர்தான் வழி கண்டுபிடித்தார். தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, கேமராவாக நின்ற கைபேசியின் ஸ்டாண்டில், லென்ஸுக்கு மேலே ஒட்டினார். "சார், இந்தப் பொட்டைப் பாத்தே பேசுங்க. நாந்தான்னு நெனைச்சுக்குங்க." டாக்டர் பயந்துபோய்ப் பொட்டைப் பார்த்தார். அன்றிலிருந்து கண் அதைவிட்டு நகரவே இல்லை. பழக்கிவிட்டோம் என்று நானும் சிஸ்டரும் கைகுலுக்கிக்கொண்டோம். முப்பது வருடமாகக் கீழே பார்த்த கண்ணை ஒரு வாரத்தில் மேலே தூக்கிவிட்ட சாதனை அது. அதன் பலன் எனக்கே கிடைக்கும் என்று அப்போது தெரியாது.

ஐந்தாவது படம், பாதப் பராமரிப்பு. அதற்கு ஒரு கால் தேவைப்பட்டது. சிஸ்டர், "என்ற காலை ஊருக்கெல்லாம் காட்டவா?" என்று மறுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரருக்குக் காலைத் தொட்டாலே கூச்சம். ஒத்திகையிலேயே டாக்டரை உதைத்துவிட்டார். நான் முன்வந்தேன். என் முகத்தை இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. ஆனால் காலைப் பார்த்துக் குறை சொன்னவர்களும் இல்லை. "ஆரோக்கியமான பாதம்" என்ற வேடம், வசனம் கிடையாது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் மாலை நான் காலை அலங்கரிக்க உட்கார்ந்தேன். பீர்க்கங்கூட்டால் தேய்த்தேன். நகங்களுக்கு மெருகு போட்டேன். சுண்டு விரலுக்கு அடியில் ஒரு கால் ஆணி தட்டுப்பட்டது. படத்தில் அசிங்கமாகத் தெரியுமே என்று ஒரு புது பிளேடை எடுத்துத் தடவித் தடவியே அதைச் செதுக்கினேன். வலிக்கவே இல்லை. என் கைநேர்த்தியை நானே மெச்சிக்கொண்டேன். லேசாகக் கசிந்த இடத்தில் முகப்பவுடரை அப்பினேன். இவ்வளவும் நடந்தபோது, மறுநாள் டாக்டர் பேசுவதற்காக நானே எழுதிய தாள் பக்கத்தில் கிடந்தது. அதன் மூன்றாவது வரி: "கால் ஆணியை நீங்களாக பிளேடால் வெட்டாதீர்கள், உணர்ச்சி குறைந்த காலில் வெட்டுப்பட்டாலும் வலி தெரியாது."

படப்பிடிப்பு அமர்க்களமாக நடந்தது. டாக்டர் என் காலை மடியில் வைத்து, கேமராவுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பொட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பாத்தீங்களா, இதுதானுங்க நல்ல பாதம்" என்றார். ஒரே ஒரு தடவை அவர் தலை பழைய வாகில் கீழே சாயப் பார்த்தது. "டாக்டர், கேமரா, கேமரா!" என்று நான் அதட்டினேன். மன்னிப்புக் கேட்பது போல நிமிர்ந்துகொண்டார்.

படம் மற்றவற்றைவிட நன்றாகவே ஓடியது. "நல்ல காலுங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். "எந்த ஊர்க் காலுங்க?" என்று இன்னொருவர். முப்பது கட்டுரைகள் எழுதிக் கிடைக்காத பாராட்டு ஒரு காலுக்குக் கிடைத்ததில் எனக்குச் சற்றுப் பொறாமைகூட வந்தது. நாலாம் நாள் ஓர் அம்மாவின் பின்னூட்டம். "மூணாவது நிமிசத்துல நிறுத்திப் பாருங்க. சுண்டு விரலுக்கு அடியில கருப்பாத் தெரியுது. அந்தக் காலுக்காரரை டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க." டாக்டர் மடியிலேயே கிடக்கும் காலை டாக்டரிடம் காட்டச் சொல்கிறாரே என்று சிரித்துவிட்டு, காணொளிப் பக்கத்தின் பொறுப்பு என்னிடம் இருந்ததால் அதை அழித்தேன். மறுநாள் அதே வாக்கியம், அதே அம்மா. "அது கேமரா நிழலுங்க அம்மா" என்று கலைஞனுக்கு உரிய பெருந்தன்மையோடு பதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "நெழலுன்னா காலு அசைஞ்சா அசையுமுங்க. இது அசையலீங்க. நான் ஆனைமலைப் பக்கம். எங்கூட்டுக்காரருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. வலி இல்லீன்னு இருந்துட்டாரு. இப்ப அவருக்கு முட்டிக்குக் கீழ இல்லீங்க."

இதை அழிக்க என் விரல் வரவில்லை. அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில், மூன்று நாளாகத் துருக்கறை என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கறை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க முயன்றேன். நடுவில் என் தொப்பை வந்து நின்றுகொண்டது. சொந்தக் காலை ஊரே பார்த்துவிட்டது, எனக்கு மட்டும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் கைபேசி அடித்தது. சிஸ்டர் பின்னூட்டத்தைப் படித்து, படத்தை நிறுத்தி, டாக்டரிடம் காட்டியிருக்கிறார்.

"எந்த எடத்துல இருக்க?" என்றார் டாக்டர்.

'ங்க' இல்லை. ஒரு நிமிடம் வேறு யாரோ என்று நினைத்தேன். "ஆபீஸ்லதாங்க டாக்டர்..."

"வண்டிய ஓட்டாத. ஆட்டோ புடிச்சு வா. காலைத் தரையில ஊனாத."

அந்த ஆட்டோவில் நான் நகைச்சுவை எழுத்தாளனாக இல்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டெழுத்து குறைந்தால் மனிதனுக்கு இவ்வளவு பயம் வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கிளினிக்கில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலை மடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பவுடர் கட்டியாகி, அதற்குக் கீழே கிளறக் கிளறப் பள்ளம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலிக்காததுதான் அப்போது மிகவும் பயமாக இருந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அவரே கூட வந்தார். விரலை எடுக்க வேண்டியிருக்குமா என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும் என்றார் நிபுணர். அந்தப் பத்து நாளும் நான் சுண்டு விரலை நினைத்தது போல என் வாழ்வில் எந்த உறவையும் நினைத்ததில்லை. ஊசி, கட்டு, கட்டை மாற்றுவது, மறுபடியும் ஊசி. "செருப்புக் கடி" என்று மனைவியிடம் சொன்ன பொய் முதல் நாளே வெளுத்துவிட்டது.

விரல் தப்பியது. கட்டுப் பிரித்த நிபுணர் அதைச் சொன்னபோது டாக்டர் முதலில் விரலைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பிச்சுதுங்க தம்பி" என்றார். 'ங்க' திரும்பி வந்ததில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிளினிக்குக்குத் திரும்பியதும் சொன்னார்: "மடியில வெச்சுக்கிட்டே பாக்காம உட்டுப்போட்டனுங்களே. முப்பது வருசத்துல இப்பிடி ஆனதில்லீங்க." குற்றவாளி நான்தான் என்று வாதாடினேன், பிளேடும் என்னுடையது, அதட்டலும் என்னுடையது. அவர் கேட்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து பொட்டை நகத்தால் மெல்ல எடுத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து அந்த வட்டக் கண்ணாடியை எடுத்து, அதன் விளிம்பில் ஒட்டி, என் கையில் கொடுத்தார். "பொட்டு தப்பான எடத்துல இருந்துச்சுங்க. தெனமும் காத்தால இதைக் கீழ வெச்சு, காலை மேல புடிச்சுப் பாருங்க. உங்களுக்குக் குனியத் தோதுப்படாதுங்க." தொப்பையை இதைவிட நாசூக்காக யாரும் குறிப்பிட்டதில்லை.

அப்புறம் அவர் ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஆறிவரும் என் காலை வைத்து, நடந்தது எதையும் மறைக்காமல். பிளேடு, பவுடர் உட்பட. நான் கொஞ்சம் முரண்டு பிடித்தேன். நல்ல பாதமாக நடித்தவனுக்கு வில்லன் வேடம் என்றால் கசக்காதா? ஆனைமலை அம்மாவின் வாக்கியம் ஞாபகம் வர, காலை நீட்டினேன். அந்தப் படத்தில் டாக்டர் ஒரு விநாடிகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. திரை முழுக்க அவருடைய வழுக்கைத் தலையும் என் உள்ளங்காலும்தான். இயக்குநர் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "விரலு இருக்குதுங்களா?" டாக்டர் என் கைபேசியை வாங்கி, ஓரெழுத்து ஓரெழுத்தாகத் தேடிப் பதில் அடித்தார்: "இருக்குதுங்க அம்மணி. நீங்க பாத்ததால இருக்குதுங்க."

இப்போது கிளினிக்கை மூடிவிட்டு, உடுமலைப்பேட்டைக்கு அருகே தன் தென்னந்தோப்பில் இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வருவார். இன்றும் வந்தார். வழக்கம்போல கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன் மேல் பிடித்து, நான் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கைபேசியை அதற்கு நேரே காட்டினேன். "ஏனுங்க, டாக்டருக்குப் பொட்டு நல்லாத் தெரியுதான்னு கேளுங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. திரையில் அவர் நெற்றியும் தாழ்ந்த இமைகளும்தான் தெரிந்தன. "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி... ம்... இன்னுங் கொஞ்சம்..." கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்களின் படங்கள் எனக்குத் தினமும் நூறு வருகின்றன. அத்தனை பேரும் என் கண்ணுக்குள் பார்க்கிறார்கள். ஒருவரும் என்னைப் பார்ப்பதில்லை. இவர் இன்றும் ஒருமுறைகூட நிமிரவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, கீழே பார்த்தபடியே கேட்டார்:

"நல்லா இருக்குதுங்க. சாப்ட்டீங்களா?"