கரும்பலகையில் கீறிய நாலு அறைகள்

நாலு வருடங்களுக்கு முன்பு, சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்று வீட்டிலிருந்த என் கணவரின் நடை மெல்ல மெல்ல மாறியது. கால் நிலத்தில் ஒட்டியதுபோல இழுத்து இழுத்து நடப்பார். சொன்னதை மறப்பார். பிறகு, அவர் அறியாமலே உடுத்திருந்த சாரத்தோடு சிறுநீர் போகத் தொடங்கியது. வயசும் சோம்பலும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தால் களைத்து வந்து நிலம் துடைக்கும்போது வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசுவேன்.

தங்கையின் மகளின் கலியாணத்தில் தான் இருந்த கதிரையை நனைத்துவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து, "வெக்கமில்லையே உங்களுக்கு?" என்று கத்தி, அவர் கையில் ஓங்கி அடித்தேன்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லையப்பா" என்றார்.

அடுத்த மாதம் கிணற்றடியில் விழுந்து மண்டை வெடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஸ்கானைப் பார்த்த டாக்குத்தர் ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார்.

"அம்மா, எல்லாற்றை மூளைக்குள்ளையும் நாலு அறை இருக்கு. அதுக்குள்ளை தண்ணி மாதிரி ஒண்டு ஊறி, ஒடுக்கமான வழியாலை ஓடி, கடைசியா ரத்தத்தோடை சேரும். இவருக்கு அது வடியாமல் தேங்கி அறையள் வீங்கிப்போச்சு. நடை, மறதி, சலம் போறது எல்லாம் அதாலைதான்."

அதே படத்தை எத்தனை வருடம் கரும்பலகையில் கீறியிருப்பேன்! டாக்குத்தர் தண்ணி என்ற அந்தப் பாய்பொருள் எங்கே சுரக்கிறது, எந்த வழியால் போகிறது என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவள் நான். நான் உயிரியல் ரீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாதவள்போலத் தலையாட்டினேன்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"ரெண்டு வருசம்."

டாக்குத்தர் பேனையை மூடினார். "முந்திக் கொண்டுவந்திருக்கலாம்."

தலையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்குக் கீழால் ஒரு குழாய் வைத்தார்கள். நடை ஓரளவு திரும்பியது. ஞாபகம் திரும்பவில்லை. சில நாட்களில் என் பெயரே அவருக்கு வராது. ஆனால் எங்காவது தண்ணீர் சிந்திக் கிடந்தால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்.

"நான் இல்லையப்பா."

இப்போது யாராவது வந்து, வீட்டில் ஒருவர் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார் என்று குறை சொன்னால், ஒருக்கால் டாக்குத்தரிடம் காட்டுங்கோ என்று கெஞ்சுகிறேன்; என் வீட்டில் முதலே அதைச் சொல்லியிருக்கவேண்டியவள் நான்தான் என்பது மட்டும் இன்னும் ஆறவில்லை.