முன் சீட்டில் அழிந்த செம்பனை

இன்று காலை எங்கள் ஊர் பாடாங் செராயிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். இந்த செமஸ்டரில் நேரில் நடக்கும் முதல் வகுப்பு. இதுவரை எல்லாம் ஆன்லைன்தான். லைன் போய்விடும் என்று யாருமே கேமராவைத் திறந்ததில்லை.

பத்து மணிக்கு நானும் ஷாலினியும் எங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். இருவருக்கும் ஒரே மார்க். ஸ்லைடையும் இருவரும் அவரவர் போனிலிருந்தே திருத்தலாம். வம்பே அங்கேதான்.

முதல் பக்கத்தில் நான் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் படம் வைத்தேன். அவள் அதை அழித்துவிட்டு ரப்பர் மரம் வைத்தாள். நான் மறுபடியும் செம்பனையை வைத்தேன்.

அப்போதுதான் முன் சீட்டுப் பெண்ணின் போன் கண்ணில் பட்டது. அதிலும் என் செம்பனை. அவள் விரல் பட்டதும் என் போனில் படம் மறைந்தது.

"ஹலோ, அத டிலிட் பண்ணாதீங்க!"

திரும்பிப் பார்த்தாள். "யாரு நீங்க?"

"தினேஷ். உங்க குரூப்பு."

"அலாமாக், நீங்களா? எங்கம்மா ரப்பர் பால் வெட்டுன எஸ்டேட்டுலா நம்ம ஊரு. ரப்பர்தான் வைக்கணும்."

"இப்ப ஏதுலா ரப்பர்? வெளிய பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகச் செம்பனை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முன்பக்கம் திரும்பிவிட்டாள்.

கோபமோ என்று நினைத்தேன். ஸ்லைடில் கமென்ட் வந்து விழுந்தது: "சரி, செம்பனையே இருக்கட்டும். ரெண்டாவது பக்கம் எங்கம்மா பால் வெட்டுற போட்டோ. அத தொடாதீங்க."

கை நீட்டினால் தொடும் தூரம். நானும் கமென்டிலேயே "ஓகே" போட்டேன்.

நேரில் பேசிக்கொள்ள எங்களுக்கு இன்னொரு செமஸ்டர் வேண்டும் போலிருக்கிறது. உங்கள் குரூப்பில் எப்படி?