அட்டப்படத்துல நின்ன பொம்பள

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தா. சோறு திங்கமாட்டா, தண்ணி எடுக்கமாட்டா, களையெடுக்க வரமாட்டா. ஆனா எங்க வூட்டு கூரை எறவாணத்துல சொருவி வெச்ச புஸ்தகத்துக்குள்ள மவராசியாட்டம் குந்திக்கினு இருந்தா. இப்ப நெனச்சா சிரிப்புதான் வருது. வயித்தெரிச்சல் நின்னுச்சான்னு கேட்டீங்கன்னா, அதை கடைசில சொல்றேன்.

எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல எம்மருமவ எழுதுறா. பள்ளிக்கூடத்துல டீச்சரு அவ. நடுவுல நடுவுல வாயப் பொத்திக்கினு சிரிக்கிறா. சிரிச்சா சிரிக்கட்டும், எழுதுனா போதும்.

எங்க ஊரு நெல்லிவாசல் நாட்டுல, மலை மேல. அப்பல்லாம் பஸ்ஸு கெடையாது. ஆலங்காயம் சந்தைக்குப் போவணும்னா புளி மூட்டைய தலையில வெச்சிக்கினு கோழி கூவச்சொல்ல எறங்கணும். ஜீப்பு எப்பனா வரும், வந்தாலும் ஆம்பளைங்க ஏறிக்குவாங்க. நாங்க நடப்போம். நடக்கறதுல ஒரு சொகம், ஊர்வம்பு பூரா பேசிக்கினே போலாம்.

என்னக் கட்டுனது எங்க அத்த மவன். அதனால மாமான்னுதான் கூப்புடுவேன். அவரு மலையில ஆஸ்டல்ல தங்கிப் படிச்சி, அப்பறம் கீழ காலேஜில சேந்தாரு. எங்க ஊருல எழுத்து தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதான். வாத்தியாரு ஒருத்தரு இருந்தாரு, மாசத்துல பாதி நாளு கீழதான் இருப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு அதுல எம்மாம் பெரும தெரியுமா? தண்ணி எடுக்கப் போனா மத்த பொண்ணுங்க, "உங்காளு இன்னாடி படிக்கிறாரு"ன்னு கேப்பாளுங்க. நான் தெரிஞ்ச மாதிரி, "பெரிய படிப்பு"ன்னு சொல்லிட்டு கொடத்த தூக்கிக்கினு வந்துடுவேன்.

அந்த வருசம் சாமை நல்லா வெளஞ்சிது. அறுப்பு நேரத்துல லீவு வுட்டு வந்தாரு. வந்தவரு கையில ஒரு புஸ்தகம், ஒரு நோட்டு. புஸ்தகத்து அட்டையில ஒரு பொம்பள படம். தூணுல சாஞ்சிக்கினு நிக்கிறா. இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடி. கண்ணு எங்கயோ பாக்குது.

இங்க ஒண்ணு சொல்லணும். படிக்கிறதுன்னா எங்களுக்கு சத்தம். ஆஸ்டலாண்ட போனா புள்ளைங்க பூரா ஒண்ணா கத்திப் படிக்கிறது மலை அந்தாண்ட வரைக்கும் கேக்கும். இவரு இன்னா பண்றாரு, பலா மரத்தடியில குந்திக்கினு வாயே தொறக்கல. கண்ணு மட்டும் ஓடுது. நடுவுல தானா சிரிக்கிறாரு, நோட்டுல எதையோ எழுதறாரு. நடுவுல மூஞ்சி சுருங்கிப்போவுது. களி கிண்டி வெச்சிட்டு மூணு வாட்டி கூப்டேன், காதுல வுழல. சத்தம் போட்டு படிக்காதவன் எதையோ மறைக்கிறான்னுதான் எனக்குத் தோணுச்சி.

கிட்டப் போயி, "மாமா, அதுல இன்னா போட்டிருக்குது"ன்னு கேட்டேன்.

"ஒரு பொண்ணப் பத்திமே."

"யாரு அவ?"

"பாவம் அவ"ன்னாரு. அவ்ளோதான். திரும்பியும் தலைய கவுத்துக்கினாரு.

அந்த பாவம்ன்ற சொல்லு இருக்குதே, மொளகாயப் பூசுன மாதிரி எரிஞ்சிது எனக்கு. நான் முந்தாநாளு கட்ட குத்தி காலு வீங்கி நடக்கறேன், எனக்கு ஒரு பாவம் இல்ல. எவளோ தூணுல சாஞ்சவ, அவளுக்கு பாவமாம்.

இப்ப நீங்க சொல்லுவீங்க, கதைதானே, கதையில வர்ற பொம்பளைக்கு எதுக்கு வயிறு எரியணும்னு. கதைன்னா எங்களுக்கும் தெரியும். கதையில ராசா வருவான், ராட்சசன் வருவான், கிளி பேசும். யாரும் அதுக்கு படம் எடுத்து வெக்கமாட்டாங்க. எங்க மலையில நாங்க பாத்த படம் ரெண்டுதான். ஒண்ணு காலண்டருல சாமி. இன்னொண்ணு எலக்சன் நோட்டீசுல ஓட்டு கேக்கற ஆளு. சாமியும் இருக்குது, அந்த ஆளும் ஜீப்புல வந்து கும்புட்டுட்டு போவாரு. அப்ப படம்னு ஒண்ணு இருந்தா அந்த ஆளு எங்கயோ இருக்கணும். இந்தப் பொம்பளயும் காலேஜி இருக்கற ஊருல இருக்கறா, இவரு பாத்துட்டுதான் வந்திருக்காருன்னு கணக்கு போட்டுட்டேன்.

எங்கத்த வேற. நல்லவதான், ஆனா நெருப்பு இருந்தா ஊதாம இருக்கமாட்டா. "படிச்சவனுக்குப் படிச்சவ வேணும்னு தோணும்டி"ன்னு சாமைய பொடைச்சிக்கினே சொன்னா. நான் என் மொறத்த போட்டுட்டு எழுந்து போயிட்டேன். யாரும் இல்லாத நேரத்துல என் முடிய அவுத்துவுட்டு அளந்து பாத்தேன். முதுவுல பாதிதான். அந்தச் சிறுக்கிக்கு இடுப்புக்குக் கீழ.

நாலாம் நாளு, எம்பொடவ ரெண்டு, அருவாளு ஒண்ணு, எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டேன். கீழ ஊருங்கள்ல எப்பிடியோ, எங்க மலையில புருசன் சரியில்லன்னா பொம்பள தாய் வூட்டுக்குப் போயிடலாம். ஊரு கூடும், பேசும், தீத்துவுடும். அப்பறம் வேற ஆம்பளயக் கட்டிக்கினாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அப்பிடிப் போனா போனதுதான், அந்த வாழ்க்க முடிஞ்சிது. அதனால மூட்ட கட்டறது வெளையாட்டு இல்ல. ஆனா சொல்லாம போவக்கூடாது, ஊருக்குத் தலைவரு ஊர்க்கவுண்டரு, அவராண்ட சொல்லிட்டுப் போவணும். நான் மூட்டைய ஒரு கையிலயும் புஸ்தகம் நோட்டு ரெண்டையும் ஒரு கையிலயும் எடுத்துக்கினு அவருவூட்டுக்குப் போயிட்டேன்.

காலையில கோயிலு முன்னாடி புளிய மரத்தடியில ஊரு கூடுச்சி. கவுண்டரு புஸ்தகத்த திருப்பித் திருப்பிப் பாத்தாரு, தலகீழா புடிச்சிக்கினு. படத்த எல்லாருக்கும் காமிச்சாரு. கெழவனுங்க எட்டி எட்டிப் பாத்தானுங்க. "லட்சணமாத்தான் இருக்கறா"ன்னு ஒருத்தன் சொல்ல, அவன் பொண்டாட்டி முழங்கையால ஒரு இடி வெச்சா.

எம்மாமனுக்கு மூஞ்சி செவந்து போச்சி. "இது கதைங்க. இவ நெசமான ஆளு இல்லீங்க"ன்னாரு.

"அப்ப நோட்டுல நீ எழுதுனது?"ன்னு கவுண்டரு கேட்டாரு.

அதுக்கு அவரு சொன்னாரு, காலேஜி வாத்தியாரு மூணு கேள்வி குடுத்திருக்காராம். இலக்கியம்னா இன்னா, காதல்னா இன்னா, மனுச சுபாவம்னா இன்னா. இந்தக் கதைய படிச்சிட்டு அவங்கவங்க மனசுல தோணறத எழுதிக்கினு வரணுமாம். கவுண்டரு, அப்ப நோட்ட படிச்சிக் காட்டுன்னாரு. நான் குறுக்க பூந்துட்டேன். வாத்தியாரும் கீழ போயிட்டாரு, ஊருலயே எழுத்து தெரிஞ்ச ஆளு குத்தவாளிதான், அவரே படிச்சா அவருக்கு சாதகமாத்தானே படிப்பாருன்னு கேட்டேன். பொம்பளைங்க பூரா என் பக்கம் ஆயிட்டாளுங்க.

அப்பதான் காட்டு இலாகா வாட்சரு ஒருத்தரு அந்தப் பக்கம் வந்தாரு. போளூரு பக்கத்து ஆளு. அவரப் புடிச்சி குந்தவெச்சி நோட்டக் குடுத்தோம். அந்தாளு படிப்பும் அரகொற. கல்லுல மாடு எறங்கற மாதிரி ஒவ்வொரு எழுத்தா கால வெச்சி வெச்சிப் படிச்சாரு. மொத வரியே, "அவளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை."

நான் மூட்டைய எடுத்து மடியில வெச்சிக்கினேன்.

வாட்சரு எச்சித் தொட்டு பக்கத்தத் திருப்பி அடுத்தத படிச்சாரு. "காதல் வந்தவனுக்குப் பொய் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம்." பொம்பளைங்க, பாத்தியா பாத்தியான்னு இடிச்சிக்கினாளுங்க. அதுக்கப்பறம் மனுச சுபாவம் வந்துது. "தனக்கு இல்லையே என்பதை மனிதன் தாங்கிக்கொள்கிறான். அடுத்தவருக்கு இருக்கிறதே என்பதைத்தான் தாங்கமாட்டான்."

ஒரு கெழவி, "இதுக்குக் காலேஜி போவணுமா, எங்க வூட்டுக்கு வந்திருந்தா எம்மருமவளக் காட்டியிருப்பனே"ன்னா. ஊரே சிரிச்சிது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. என்னப் பாத்து எழுதுன மாதிரி இருந்துது.

கடைசில கவுண்டரு கதையையே சொல்லச் சொன்னாரு. எம்மாமன் சொன்னாரு. கீழ்நாட்டுல ஆத்தங்கரையில ஒரு பெரிய வூடு. மாடி வெச்ச வூடு. மாடின்னா இன்னான்னு நாலு பேரு கேட்டாங்க, வூட்டு மேல வூடுன்னாரு. அந்தப் பொண்ண அவளுக்குப் புடிக்காத ஒருத்தனுக்குக் கட்டி வெச்சிட்டாங்க. அவ மனசு வேற ஒருத்தனாண்ட. மாடியில நின்னுக்கினு ஆத்தையும் அதுல போற படவையும் பாத்துக்கினு இருக்கறா. அதுவரைக்கும்தான் நான் படிச்சேன், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுன்னாரு.

"புடிக்கலன்னா தாய் வூட்டுக்குப் போறதுதானே"ன்னாரு கவுண்டரு.

"அங்க அந்த வழக்கம் இல்லீங்க."

"ஊர்க்கவுண்டரு இல்லியா அந்த ஊருல?"

"இல்லீங்க."

எல்லாரும் உச்சு கொட்டுனாங்க. என் பக்கம் இருந்த பொம்பளைங்க கூட அவ பக்கம் சாஞ்சிட்டாளுங்க, பாவம் பாவம்னு. எனக்கு வந்த கோவத்துக்கு, எழுந்து நின்னு சொன்னேன், "காலு இருக்குது, ஆத்துல படவு இருக்குது. எழுந்து தாய் வூட்டுக்குப் போவாம குந்திக்கினு இருந்தா அவ புத்திகெட்டவ."

எம்மாமன் என்ன நிமுந்து பாத்தாரு. கையில இருந்த மூட்டையையும் பாத்தாரு.

கவுண்டரு தீர்ப்பு சொன்னாரு. பொம்பள நெசமோ பொய்யோ, கட்டுனவ குந்திக்கினு இருக்கறப்ப இன்னொருத்திய நெனச்சி வாயத் தொறக்காம சிரிக்கிறது தப்பு. இனிமே இவன் வாய்வுட்டுத்தான் படிக்கணும். பொண்டாட்டி கேக்கணும். அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும். என்னப் பாத்து, "நீ மூட்டைய அவுத்துடு. கத முடியட்டும், அப்பறம் கட்டறதானா கட்டு"ன்னாரு.

அன்னியில இருந்து நான் உரல்ல சாமை குத்துவேன், அவரு கிட்ட குந்திக்கினு படிப்பாரு. ஒலக்க எறங்கறப்ப நிறுத்துவாரு, ஏறறப்ப படிப்பாரு. கத நல்லாத்தான் இருந்துது, பொய் சொல்லக்கூடாது. அவ மாமியாரு இருக்குதே, எங்கத்தையே தேவல. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு பேசற எடம் வந்தா அவரு கொரலு எளகிடும். மெதுவா, பச்சப்புள்ளைய தூக்கற மாதிரி. என்னாண்ட அந்தக் கொரல்ல ஒரு நாளு பேசுனது இல்ல. என்னாண்ட பேசறது, "மாடு அவுத்துக்கிச்சி பாருமே" இந்த மாதிரிதான். அந்த எடம் வந்தா நான் ஒலக்கைய வேகமா போடுவேன், சொல்லு காதுல வுழாத மாதிரி. மூட்டைய முழுசா அவுக்கல. அருவாள மட்டும் வெளிய எடுத்துக்கினேன், வேலைக்கு வேணுமேன்னு.

கடைசி நாளு. காலையில அவரு தனியா களத்து மேட்டுல புஸ்தகத்தோட குந்திக்கினு இருந்தாரு. நான் போறப்ப கண்ணு செவப்பா இருந்துது. இன்னா மாமான்னேன். சாமைத் தூசுன்னாரு. சத்தமில்லாம படிச்சியான்னு கேட்டேன். இல்லன்னாரு. அப்பறம் எனக்குப் படிச்சிக் காட்டுனாரு. அந்தப் பொண்ணு விடியக்காலையில எழுந்து, முடிய முடிஞ்சிக்கினு, ஒரு மூட்டைய கட்டிக்கினு ஆத்தங்கரைக்கு வந்தா, படவு ஏறி அக்கரைக்குப் போயி, தாய் வூட்டுக் கதவத் தட்டுனா. கத முடிஞ்சிது.

எனக்கு நெஞ்சி குளுந்துபோச்சி. நான் சொன்னத கேட்டிருக்கறா பாருன்னு. அதுல இன்னொரு சந்தோசம், அவ தாய் வூட்டுக்குப் போயிட்டா, எம்வூடு காலியாச்சி. அன்னிக்கே மூட்டைய அவுத்துட்டேன்.

அப்பறம் அறுப்பு எத்தனையோ பாத்தாச்சி. புள்ளைங்க பொறந்து, பேரப்புள்ளைங்களும் ஆச்சி. பஸ்ஸு மேல வந்துது. அந்தப் புஸ்தகம் மட்டும் எறவாணத்துல கரையான் தின்னது போவ மிச்சம் இருந்துது. போன வாரம் எம்மருமவ அத தூசி தட்டி எடுத்தா. கடைசியப் படிம்மான்னேன், அவ படவு ஏறறத இன்னொரு வாட்டி கேக்கலாமேன்னு. அவ படிச்சா.

படவே இல்ல. அந்தப் பொண்ணு விடியக்காலையில முடிய அவுத்துவுட்டுட்டு ஆத்துல எறங்குறா. தண்ணி மூடிக்குது. அவ்ளோதான்.

எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. இத்தினி வருசமா அக்கரையில தாய் வூட்டுல நல்லா இருக்கறான்னு நெனச்சிக்கினு இருந்தவ, எப்பவோ செத்துட்டாளாம். ஒக்காந்து அழுதேன். எந்தச் சிறுக்கி மேல வயிறு எரிஞ்சனோ அவளுக்கு. அப்பறம் எழுந்து நேரா அவராண்ட போனேன். கண்ணாடிய மூக்குல வெச்சிக்கினு பேப்பரு படிச்சிக்கினு இருந்தாரு, வாய்வுட்டுத்தான். தீர்ப்ப இன்னும் மீறல.

"ஏன் மாமா மாத்திப் படிச்ச? நான் அழுவேன்னா?"

கண்ணாடிய கழட்டுனாரு. "அழுவேன்னு பயமில்லமே. அவ செத்தான்னு கேட்டு நீ சிரிச்சிட்டீன்னா, அப்பறம் நான் உன்ன எப்பிடிப் பாப்பேன்னுதான் பயம்."

அவரு பயந்தது சரிதான். ஏன்னா அன்னிக்கு நான் சிரிச்சித்தான் இருப்பேன். தேங்கா கூட ஒடச்சிருப்பேன். அத அவரு கண்டுக்கினு, ஒரு பொய்ய கட்டி, என்னையும் காப்பாத்தி வெச்சிட்டாரு. பொய் சொல்ல யாரும் கத்துத்தர வேணாம்னு அவருதானே எழுதுனாரு.

எல்லாம் சரி. ஆனா களத்து மேட்டுல தனியா குந்திக்கினு அவளுக்காவ அழுதாரே, அதுல எனக்கு ஒரு பங்கு குடுத்தாரா? அதுக்குத்தான் திரும்பியும் வயிறு எரியுது. சொன்னேன் அவராண்ட. சிரிக்கிறாரு.

கரையான் தின்ன புஸ்தகத்த எடுத்து மடியில போட்டு, இப்ப நெசமா இருக்கறத படி, வாய்வுட்டுப் படின்னேன். படிச்சாரு. பல்லு போயி காத்து சீறுது. ஆனா அவ ஆத்துல எறங்கற எடம் வந்தப்ப, அதே எளகுன கொரலு. ஒரு மயிரிழ மாறல.

நல்லவேள, ஒலக்க கிட்ட இல்ல.