கவிதை நடுவே வந்த என் போன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைக்குச் சீட்டு எழுதியதும், முன்பு ஊருக்கு இன்லேண்டு லெட்டர் எழுதியதும்தான் என் எழுத்து. இப்போது ஞாபகமும் நழுவுகிறது. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கல்கத்தாவில் நம்மவர்கள் போடுகிற ஆண்டு மலருக்காக, என் மகளுக்கு நடத்திய கவிதைக் கூட்டத்தைப் பற்றி எழுதித் தரும்படி தம்பி கேட்டான். வேறு யாராவது எழுதட்டுமே என்றேன். "வேற யாருக்குக்கா தெரியும்" என்றான். அது சரிதான்.

என் மகள் போன துர்கா பூஜை முடிந்து, காளி பூஜைக்கு முன்னால் இறந்துபோனாள். டெங்கு. பவானிபூரில் எங்கள் சந்தில் மழைத் தண்ணீர் நின்றால் லேசில் வடியாது. காய்ச்சல் என்று படுத்தவள் தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சி கேட்டாள். கஞ்சியும் இறங்கவில்லை. பிறகு பல் ஈறில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் இறங்குகிறது என்று காலையிலும் சொன்னார்கள், சாயங்காலமும் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயில் குழாயோடு கிடந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது "கேஸ மூடுனியாம்மா" என்று கேட்டதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. மூடவில்லை. அடுத்த வீட்டு வங்காளிப் பெண், போவ்தி என்று கூப்பிடுவோம், அவள் போய் மூடினாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்றாள். கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோனேன். அவள் அப்பா கிடர்பூரில் கப்பல் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அவள் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டார். அதன்பின் நானும் அவளும்தான். வீட்டில் பேச்செல்லாம் தமிழ், அதுவும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என் வாயைப் பார்த்துப் பேசக் கற்றவள். எழுதுவது மட்டும் வங்காளத்தில். அவள் கவிதை சின்னச் சின்னப் பத்திரிகைகளில் வரும். எனக்கு வங்காளம் சந்தையில் மீன்காரியோடு பேரம் பேசுகிற அளவுக்கு வரும், எழுத்து தெரியாது. அவள் பெயர் அச்சில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள். நான் பார்த்துவிட்டுப் பத்திரிகையைப் பத்திரமாக வைப்பேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் அவளோடு வேலை பார்க்கும் தோழி வீட்டு மாடியில் கூடிக் கவிதை படிப்பார்கள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் நான் போன் அடிப்பேன். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பேன். ஏதாவது ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அந்த ஒரு வரி கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்தத் தோழிதான் குளிர் குறைந்த சமயத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். என் மகளைவிடச் சற்று மூத்தவள், சரித்திரம் சொல்லிக் கொடுப்பவள். என்னை மாசிமா என்பாள், நாம் சித்தி என்பதுபோல. வங்காளிகள் இறந்தவர்களுக்கு ஸ்மரண சபா என்று நடத்துவார்கள். படம் வைத்து, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு, பாட்டுப் பாடி, அவர்களைப் பற்றிப் பேசுவார்கள். என் மகளுக்கும் ஒன்று நடத்த வேண்டும், அன்று அவள் கவிதைகளைப் படிக்க வேண்டும் என்றாள். அவள் வங்காளத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மாசிமா. முன்னாடி வந்து உக்காந்தா போதும்."

எனக்குக் கூட்டம் என்றாலே கை வேர்க்கும். சொந்தக்காரர் கல்யாணத்திலும் தூண் பக்கம் பார்த்து உட்காருகிறவள் நான். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தம்பி பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவன், லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறான். அவன் கேட்டதுமே முகத்தைச் சுளித்தான்.

"இன்னும் வருசம் திரும்பல. அதுக்குள்ள மைக்கு போட்டு, பாட்டுப் பாடி. நம்ம பக்கத்துல எங்கயாவது கேட்டதுண்டா?"

"அவங்க பக்கத்துல உண்டாம்."

"அவங்க பக்கம்னா, நீ யாரு பக்கம்?"

வருஷம் திரும்பும் வரை நாங்கள் பண்டிகை கொண்டாட மாட்டோம், நல்லது கெட்டதுக்குப் போக மாட்டோம். பொங்கலுக்கு அடுப்பில் பால்கூடப் பொங்கவிடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த முறை வந்த தோழியிடம் அதைச் சொல்ல வாய் எடுத்தபோது, அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

"அவ படிச்ச ரெக்கார்டிங் ஒண்ணு இருக்கு மாசிமா. ஒரு சனிக்கிழமை படிச்சது. பாதியில உங்க போன் வந்திடுச்சு. கவிதைய நிறுத்திட்டு உங்ககிட்ட தமிழ்ல கடகடன்னு என்னமோ சொன்னா. வச்சிட்டு விட்ட இடத்துலேர்ந்து அப்படியே படிச்சா. நாங்கல்லாம் சிரிச்சிட்டோம். அதைத்தான் கடைசியில போடப் போறோம்."

"நான் பேசுனதும் அதுல இருக்கா?"

"நீங்க பேசுனது இல்ல. அவ பேசுனது இருக்கு."

எங்கள் வீட்டில் அவள் குரல் எங்குமே இல்லை. போட்டோ இருக்கிறது, புடவை இருக்கிறது. அவள் போனுக்கு அவள்தான் ஏதோ பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். கடைக்குக் கொண்டு போனான் தம்பி. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத்தான் திறக்க முடிந்தது என்றான் கடைக்காரன். திறந்த போன் புதுப் போன் மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. அதை நான் பிறகு தொடவில்லை.

அதனால் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கவிதைக்காகப் போகவில்லை. அவள் என்னிடம் பேசிய அந்த ஒரு வரிக்காகப் போனேன். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். "டாக்ஸி சொல்லுதேன்" என்றான்.

சின்ன ஹால். மேஜையில் அவள் படம். பள்ளிக்கூடத்தில் எல்லாரோடும் எடுத்ததிலிருந்து அவளை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். தோளில் யாருடைய கையோ வெட்டுப்பட்டு மிச்சம் இருந்தது. நெற்றிக்கு மேல் சந்தனப் புள்ளி வைத்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் வெளிர் நிறத்தில் புடவை கட்டியிருந்தார்கள். என்னை முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் குனிந்து என் காலைத் தொட்டார்கள். எனக்குக் காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆர்மோனியம் வைத்து ஒரு பெண் பாடினாள். தலைமை ஆசிரியை பேசினார். என் மகள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்றார். அது பொய், தினம் ஓட்டம்தான். பிறகு ஒவ்வொருவராக வந்து அவள் கவிதையைப் படித்தார்கள். ஒருவர் கனமான குரலில், அக்கரையில் இருக்கும் ஓடத்தைக் கூப்பிடுவதுபோலப் படித்தார். என் மகள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பக்கத்து அறையில் இருந்து பேசினால்கூட என்னது என்று கேட்க வேண்டியிருக்கும். இன்னொரு அம்மா அவள் கவிதை ஒன்று படித்துவிட்டுத் தன் கவிதை நாலைந்து படித்தார்.

தம்பி பின்னால் இருந்து குனிந்து, "இந்தம்மா எறங்குற மாதிரி தெரியலயே" என்றான்.

"சும்மா இருல."

"சமோசாவ ஆற வச்சிட்டாவ."

நான் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோழியின் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கை அசைந்தால் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். தண்ணீர்ப் பாட்டிலை எடுப்பார், மறுபடி வைப்பார்.

கடைசியில் தோழி மைக்கில் வந்து, இப்போது அவளே படிப்பாள் என்றாள். ஹாலில் விசிறிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

குரல் வந்தது. எனக்கு முதலில் அது யாரோ என்றுதான் இருந்தது. கொஞ்சம் தடித்த குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் போனது. அவள் வங்காளம் பேசி நான் கேட்டதே இல்லையா என்றால், கேட்டிருக்கிறேன். பால்காரனோடு, வாடகை வாங்க வருகிறவரோடு. இப்படி இல்லை. மழைத் தண்ணீர் நிற்கிற தெருவைப் பற்றிய கவிதை என்று புரிந்தது. யாருடைய செருப்போ மிதந்து போகிறது. வானம் அந்தத் தண்ணீரில் விழுந்து அழுக்காகிறது என்பதுபோல ஒரு வரி. சுற்றி எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இவள் யாரோ ஒரு டீச்சர், நன்றாகப் படிக்கிறாள் என்று இருந்தது. என் மகள் இனிமேல்தான் வருவாள், போன் அடித்ததும் வருவாள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தேன், நான் மூச்சு விடுகிற சத்தம் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று.

கவிதை முடிந்துவிட்டது. எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன். இனிமேல் வரும் என்று நினைத்தேன். பிறகு விசிறி சுற்ற ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக சந்தேஷ் இனிப்பும் சமோசாவும் கொடுத்தார்கள்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. அன்று எழுந்து போய் அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். என் வங்காளம் திக்கியது. என் போன் எங்கே என்று கேட்டேன். அவர் என் கைப் போனைத் தேடுகிறேன் என்று நினைத்து நாற்காலிக்குக் கீழே பார்த்தார். தோழிதான் புரிந்துகொண்டு அவரிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அதெல்லாம் எடுத்துட்டேன் மாசிமா. ரெண்டு ராத்திரி உக்காந்தேன். இருமல், நாற்காலி இழுக்குறது, ரோட்டுல ஹாரன், உங்க போன், எல்லாரும் சிரிச்சது. ஒண்ணும் தெரியாம ஒட்டிட்டேன். எவ்வளவு சுத்தமா இருந்துது, கேட்டீங்கல்ல?"

"எடுத்தது எங்க இருக்கு?"

"எடுத்ததுன்னா?"

"அவ எங்கிட்ட பேசுனது."

அவர் தோழியைப் பார்த்தார். தோழி அவரிடம் தாழ்ந்த குரலில் வேகவேகமாக ஏதேதோ கேட்டாள். முழுசாக எடுத்தது அவருடைய பழைய போனில் இருந்ததாம். அந்தப் போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் இருந்ததன் மேலேயே வேலை செய்து அதையே சேமித்துவிட்டாராம். குனிந்து என்னென்னவோ தட்டித் தேடினார். ஹாலைப் பூட்டுகிறவன் சாவியோடு வந்து நின்றான்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை பேர் முன்னால் ஒருத்தி என் கையைப் பிடித்து அழுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. "தாக், தாக்" என்றேன், விடும்மா, போகட்டும் என்று. அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். தூங்காமல் செய்திருக்கிறார். என்ன சொல்ல முடியும்.

டாக்ஸியில் தம்பி கேட்டான். "அன்னைக்கு என்னக்கா சொல்லிருப்பா?"

"தெரியல."

"உங்கிட்டதான சொன்னா."

"எல்லாச் சனிக்கிழமையும் சொல்லுவா. இது எந்தச் சனிக்கிழமைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வச்சிரும்மான்னு வஞ்சிருப்பா," என்று சிரித்தான். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். வீடு வரும் வரை திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தும் யோசித்தேன். வாரேன்மா என்றாளா, நீ சாப்பிடு என்றாளா, இல்லை தம்பி சொன்ன மாதிரி எரிந்து விழுந்தாளா. அந்த மாடியில் இருந்தவர்களுக்குக் குரல் கேட்டது, தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், நினைவில்லை. எரிந்து விழுந்திருந்தாலும் சரிதான், அதையாவது ஒருமுறை கேட்டிருக்கலாம். தோழி அந்தச் சனிக்கிழமை வந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒருவரிடமும் இல்லையாம். இப்போது அவள் என்னைப் பார்க்க வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறாள்.

தம்பி, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீ ஒருமுறை சரிபார். கூட்டம் சனிக்கிழமை நடந்ததா ஞாயிற்றுக்கிழமையா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கவிதையில் மிதந்தது செருப்புதானா என்றும் தோழியிடம் கேட்டுக்கொள். மலரைப் படிக்கிறவர்களின் பிள்ளைகளில் யாராவது அந்த மாடிக்குப் போனவர்கள் இருக்கலாம். நம் பிள்ளைகள்தான் இப்போது வங்காளம் நன்றாகப் படிக்கிறார்களே. அவர்கள் தங்கள் போனிலும் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். இருமலும் நாற்காலிச் சத்தமும் இருந்தால் இருக்கட்டும், எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.